லொள்ளு சபாவும் சிரித்தவர்களும்: பகடி, பார்வையாளர், அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குப் பின்னால், மாம்பலம் ரயில் நிலையத்தின் அறிவிப்புகள் காதில் விழும் தூரத்தில், ஒரு மாடி அறையில் 2003இலிருந்து 2007 வரை நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்தோம். இரண்டு பேர் உதவி இயக்குநர்கள். ஒருவர் தனியார் சானல் ஒன்றின் தயாரிப்புப் பிரிவில் இருந்தார். நான் ஒரு மெகா தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் வராது, காசு வரும். சில மாதம் அதுவும் வராது. ஊரில் விசாரித்தால் நாங்கள் நாலு பேருமே 'மீடியாவுல இருக்காங்க'. அந்த மீடியாக்காரர்களின் அறையில் டி.வி. கிடையாது. கீழே சலூனில் இருந்தது. விஜய் டி.வி.யில் 'லொள்ளு சபா' வரும் நேரம் பார்த்து முடி வெட்டிக்கொள்ளப் போவோம். வெட்டிக்கொள்ள அவ்வளவு முடி இல்லாதபோதும் போவோம்.

இந்தக் கட்டுரை அந்த நிகழ்ச்சியைப் பற்றியது அல்ல, அதைப் பார்த்துச் சிரித்தவர்களையும் சிரிக்க மறுத்தவர்களையும் பற்றியது. நிகழ்ச்சியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2003இல் தொடங்கி நாலைந்து ஆண்டுகள் ஓடியது. இயக்கியவர் ராம்பாலா. சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா, சேஷு என்று ஒரு குழு. ஒரு வாரத்துக்கு ஒரு படம். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் படமோ பழைய வெற்றிப் படமோ, அதன் கதையை எடுத்துக்கொண்டு, தெர்மாகோல் செட்டும் நாலு வாடகை உடையும் வைத்துத் திருப்பி நடித்துக் காட்டுவார்கள். கதாநாயகன் அறிமுகமாகும்போது ஏன் முதலில் ஷூ தெரிகிறது, வில்லனின் ஆட்கள் ஏன் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து அடி வாங்குகிறார்கள், அம்மா ஏன் எப்போதும் இருமுகிறாள் என்பதையெல்லாம் பாத்திரங்களே சந்தேகம் கேட்கும். மனோகர் கை கால்களை உதறிக்கொண்டு வருவதற்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்காது. அதற்கே சலூன் குலுங்கும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். நாய் குரைப்பது லொள். அதிலிருந்து துடுக்குப் பேச்சு, குசும்பு, எதிர்த்துப் பேசுதல். 'உனக்கு லொள்ளு ஜாஸ்தி' என்று யாரிடம் சொல்வோம்? சமமானவரிடமோ கீழே இருப்பவரிடமோதான். மேலே இருப்பவர் அதையே செய்தால் அதற்கு நகைச்சுவை உணர்வு என்று பெயர். ஆக லொள்ளு என்பது இடம் தெரியாமல் வாயைத் திறப்பது. 'சபா' என்ற சொல் டெல்லியின் மக்களவையையும் குத்துகிறது, தி. நகரையும் குத்துகிறது. கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் உள்ள பகுதி இது. சோ, எஸ்.வி. சேகர், காத்தாடி ராமமூர்த்தி, கிரேஸி மோகன் என்று சென்னையின் மேடைச் சிரிப்பு வளர்ந்தது இப்படிப்பட்ட சபாக்களில். அந்தச் சிரிப்புக்கு ஒரு வீடு உண்டு, ஹால் உண்டு, சோபா உண்டு; ஆள்மாறாட்டமும் சிலேடையும் முடிந்தவுடன் எல்லாம் பழையபடி சோபாவில் உட்கார்ந்துவிடும். லொள்ளு சபாவுக்கு சோபா கிடையாது. அந்தச் சபாக்களின் உறுப்பினர் அட்டை எங்களில் எவரிடமும் இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, இது எங்களுடைய சபா என்று தோன்றியது.

அந்த உற்சாகத்தில் 2004இல் ஒரு சிறு கூட்டத்தில் நான் ஒரு கட்டுரை வாசித்தேன். மிகயீல் பக்தின் ரபேலைப் பற்றி எழுதியதில் சொல்லும் கார்னிவல் நிலையை அதில் லொள்ளு சபாவின் மேல் அப்படியே ஒட்டியிருந்தேன். பக்தின் பெயரை நான் முதன்முதலில் கேள்விப்பட்டது இதே ரங்கநாதன் தெருவில், மா. அரங்கநாதன் நடத்திய 'முன்றில்' புத்தகக் கடையில், 90களில். திருவிழாக் காலத்தில் மேல் கீழாகிறது, அரசன் விதூஷகனாகிறான், உடல் தன் ஓட்டைகளோடும் ஒழுக்குகளோடும் வெளியே வருகிறது, சிரிப்பு அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கவிழ்க்கிறது என்பது பக்தின் வாதத்தின் சாரம். நாயகன் என்னும் பெருங்கதையாடல் இங்கே கவிழ்கிறது என்று நான் முழங்கினேன். கூட்டத்தில் இருந்த மூத்த நண்பர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'திருவிழாவுக்கு யாருப்பா ஸ்பான்சர்?' எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான் என்று வைத்துக்கொள்ளலாம், இருபது வருஷம் தாமதமாக.

*

சலூனில் நான் கண்ட முதல் விசித்திரம், கேலிக்கு ஆளானவர்களின் சந்தோஷம்.

என்னோடு தங்கியிருந்த உதவி இயக்குநர் ஒருவரின் டைரக்டர் எடுத்த படம் லொள்ளு சபாவில் வந்தது. படத்தின் பெயர் வேண்டாம். திரையரங்கில் சுமாராகத்தான் போனது. நிகழ்ச்சியில் அந்தப் படத்தைத் தோலுரித்துத் தொங்கவிட்டார்கள். இவர் ராத்திரி பகலாக உட்கார்ந்து 'பண்ணிய' ஒரு காட்சியை அவர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்து முடித்துவிட்டார்கள். நான் இவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துள்ளிக் குதித்தார். 'அவனுங்களே எடுத்துட்டானுங்கன்னா அப்ப நம்ம படம் ஹிட்டுதானே!' அன்று ராத்திரி எல்லோருக்கும் பரோட்டா அவர் கணக்கு. டைரக்டரும் போன் பண்ணிச் சந்தோஷப்பட்டாராம்.

கேலி ஒரு சான்றிதழாக மாறிவிட்டது. லொள்ளு சபா எடுக்கத் தகுதியான படம், எடுக்கத் தகுதியற்ற படம் என்று ஒரு தரவரிசை உருவாகிவிட்டது. எங்கள் அறையின் சானல்காரர் இன்னும் ஒரு படி மேலே. தொகுப்பாளர்களின் நுனிநாக்குத் தமிழையும், 'ஸோ', 'ஆக்சுவலி' இல்லாமல் வாக்கியம் தொடங்காத நிகழ்ச்சிகளையும் யாராவது நக்கலடித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். மறுநாள் அலுவலகத்தில் அதே மாதிரி ஒரு நிகழ்ச்சிக்கு அதே மாதிரி ஒரு தொகுப்பாளரைத் தேர்வு செய்வார். தன்னைச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாமலில்லை. நன்றாகவே தெரியும். தெரிந்தே சிரித்தார், தெரிந்தே செய்தார். எனக்கும் இதில் பங்குண்டு. மாமியாரின் முகத்தை மூன்று முறை மூன்று கோணத்தில் 'ஜூம்' போட்டுக் காட்டும் காட்சிக்கு வசனம் எழுதியவன் நான். அதைக் கேலி செய்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்ததும் நான்தான்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரிய நோய் அல்ல. 2005இல் பிரிட்டனின் சானல் 4இல் 'நேதன் பார்லே' என்றொரு தொடர் ஆறு பகுதிகள் வந்தது. கிறிஸ் மோரிஸும் சார்லி புரூக்கரும் எழுதியது. லண்டனில் இணையதளம், வடிவமைப்பு, பத்திரிகை என்று மினுக்கித் திரியும் இளம் மீடியாக் கூட்டத்தைப் பற்றிய அங்கதம். அதில் டேன் ஆஷ்கிராஃப்ட் என்ற பத்திரிகையாளர் இந்தக் கூட்டத்தை முட்டாள்கள் என்று திட்டி ஒரு கட்டுரை எழுதுகிறார். அந்த முட்டாள்கள் அனைவரும் அவரைத் தேடி வந்து கைகுலுக்குகிறார்கள். பிரமாதமாக எழுதியிருக்கிறாய், இந்த முட்டாள்களை இப்படித்தான் கேட்க வேண்டும் என்று. திட்டு யாருக்கு என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. டேன் படிப்படியாக அவர்களுக்கு நடுவிலேயே மூழ்கிப்போகிறார். தொடர் வந்தபோது பெரிய கூட்டம் பார்க்கவில்லை. பல வருடம் கழித்து, அன்று கிண்டலடித்தது இன்று எல்லோர் வாழ்க்கையும் ஆகிவிட்டதே என்று தீர்க்கதரிசனம்போல் பேசினார்கள். இந்தத் தொடரைப் பற்றி நான் படித்தபோது என் அறை நண்பர் வாங்கிக் கொடுத்த பரோட்டா ஞாபகம் வந்தது. லண்டனில் கேலிக்கு உள்ளானவன் தன்னை அடையாளம் காணவில்லை. தியாகராய நகரில் அடையாளம் கண்டு ட்ரீட் கொடுத்தான். எது மோசம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

*

இங்கே கொஞ்சம் கோட்பாட்டை இழுத்தாக வேண்டும். ஸ்டூவர்ட் ஹால் 1973இல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதிய கட்டுரை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். நிகழ்ச்சியைத் தயாரிப்பவர் ஒரு அர்த்தத்தை அதில் பொதிந்து அனுப்புகிறார். பார்வையாளர் அதை அப்படியே பிரித்து எடுத்துக்கொள்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூன்று விதமாக எடுக்கலாம். அனுப்பியவரின் அர்த்தத்தை அப்படியே ஏற்பது ஒன்று. பொதுவாக ஏற்றுக்கொண்டு தன் நிலைக்கு ஏற்றபடி பேரம் பேசுவது இரண்டாவது. அனுப்பியவரின் சட்டகத்தையே நிராகரித்து எதிர்நிலையிலிருந்து வாசிப்பது மூன்றாவது. ஒரு நாயகப் படத்தை எடுத்துக்கொண்டால், கைதட்டும் ரசிகன் முதல் வகை. 'சண்டை ஓவர்தான், ஆனா தங்கச்சி சென்டிமென்ட் நல்லாருக்கு' என்பவர் இரண்டாம் வகை. 'இது ஆண்டைகளின் படம்' என்று எழுந்து போகிறவர் மூன்றாம் வகை.

பகடி நிகழ்ச்சியில் இந்தக் கணக்கு குழம்புகிறது. மூன்றாவது வாசிப்பை, எதிர் வாசிப்பை, நிகழ்ச்சியே செய்து முடித்து, விளம்பர இடைவேளையோடு, தட்டில் வைத்து நீட்டிவிடுகிறது. பார்வையாளருக்கு மிச்சம் இருப்பது ஆமோதிப்பது மட்டுமே. எதிர்ப்பை நாம் நுகர்கிறோம். நாயகப் படம் பொய் என்று தெரிந்துகொண்ட நிம்மதியோடு அடுத்த வெள்ளிக்கிழமை அதே நாயகப் படத்துக்கு வரிசையில் நிற்கிறோம். 'எல்லாம் தெரியும் பாஸ்' என்ற முகபாவத்தோடு நிற்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். பீட்டர் ஸ்லோட்டர்டைக் 1983இல் எழுதிய நூலில் சினிக்கல் அறிவு என்று இதைத்தான் ஆராய்ந்தார். அறியாமையால் ஏமாறுபவனை அறிவு கொடுத்துத் திருத்தலாம். அறிந்தே ஏமாறுபவனுக்கு என்ன கொடுப்பது? ஃபிரெடரிக் ஜேம்சன் பகடிக்கும் பாவனைக்கும் வேறுபாடு சொல்வார். பகடிக்குப் பின்னால் இதைவிட நல்லது ஒன்று உண்டு என்கிற நம்பிக்கை இருக்கிறது. பாவனையில் அது வற்றிவிட்டது, வெறும் போலச்செய்தல் மட்டும் மிஞ்சுகிறது. லொள்ளு சபா இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடியது என்பது என் கணிப்பு. முதல் இரண்டு வருடங்களில் தமிழ் சினிமா மீது அதற்குக் கோபம் இருந்தது. பிறகு கோபம் போய்ச் செல்லம் வந்துவிட்டது.

நம்மிடமே இதற்கு ஒரு உருவகம் இருக்கிறதே, ஜேம்சன் வரைக்கும் ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியக்காரன். துரியோதனனையும் கேலி செய்வான், ஊர்ப் பெரிய மனிதரையும் போகிற போக்கில் இழுப்பான், ராணியிடம் வம்பு செய்வான். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனங்களின் சார்பில் கேள்வி கேட்பவன் அவன். ஆனால் அவன் பெயரைக் கவனியுங்கள். கட்டியம் கூறுபவன். ராஜா வருகிறார் என்று அறிவித்துத் திரைக்குப் பின்னாலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வருவதே அவன் வேலை. ஒரே வாயால் கேலியும் கட்டியமும். அவன் கேலி செய்யாத ராஜா ஊருக்குள் ராஜாவாக நிற்க முடியாது. என் நண்பரின் டைரக்டர் ஏன் சந்தோஷப்பட்டார் என்பது எனக்கு இப்படித்தான் விளங்கியது. கட்டியக்காரன் தன்னையும் கூப்பிட்டுவிட்டான்.

*

சலூன்காரரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நாங்கள் அவரை அண்ணே என்போம். எங்களை 'வாங்க டைரக்டரே' என்பார், என்னையும் சேர்த்து. நடிகர் விஜய்யின் ரசிகர் மன்றத்தில் அந்த வட்டாரக் கிளைப் பொறுப்பில் இருந்தார். ரஜினியைக் கிழித்தபோதும் கமலைக் கிழித்தபோதும் எங்களோடு சேர்ந்து சிரித்தவர்தான். 2007 பொங்கலுக்குப் பிரபுதேவா இயக்கிய 'போக்கிரி' வந்தது. லொள்ளு சபா அதை எடுத்தது. விஜய் ரசிகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது அன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எனக்குத் தெரிந்தது சலூனில் நடந்தது மட்டும்.

பாதியில் அண்ணன் டி.வி.யை அணைத்தார். ஒரு நாற்காலியில் பாதி முகம் சோப்போடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை. எங்கள் உதவி இயக்குநர்தான், 'என்னண்ணே, சும்மா ஜாலிக்குத்தானே' என்று ஆரம்பித்தார். அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். 'உங்களுக்கு ஜாலி. படம் ஓடலைன்னா அடுத்த படத்துக்குப் போயிடுவீங்க. நாங்க இந்தத் தெருவுல பானர் கட்டுனது, ரத்தம் குடுத்தது, நோட்டுப் புஸ்தகம் வாங்கிக் குடுத்தது எல்லாம் அவர் பேர்ல. அவர் கோமாளின்னா நாங்க யாரு?'

எனக்கு அன்று எரிச்சல்தான் வந்தது. ரசிகனின் மூடத்தனம், பிம்ப வழிபாடு என்று மாடியேறும்போது பேசிக்கொண்டே போனோம். எம்.ஜி.ஆர். பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலை மேற்கோள் காட்டினேன் என்று நினைக்கிறேன். எளிய மக்கள் திரையில் கண்ட பிம்பத்தில் தங்கள் விடுதலையைத் தேடிச் சிக்கிக்கொண்டதை அது விளக்குகிறது. சரிதான். ஆனால் ஒன்றை நான் பார்க்கத் தவறினேன். அந்த சலூனில் இருந்தவர்களில் லொள்ளு சபாவைச் சீரியஸாக எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். கேலி ஏதோ செய்கிறது, எதையோ உடைக்கிறது, உடைந்தால் தனக்கு நஷ்டம் என்று அவர் நம்பினார். நாங்கள் நம்பவில்லை. அது எதையும் உடைக்காது என்ற பாதுகாப்பில்தான் நாங்கள் சிரித்தோம். ஹாலின் கணக்குப்படி அன்று அந்த அறையில் எதிர்நிலையில் நின்று வாசித்தவர் அண்ணன். எதிர்நிலை என்றாலே முற்போக்கு என்று நாம் வைத்திருக்கும் சமன்பாட்டை இது கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. நான் அவருடைய தணிக்கையை நியாயப்படுத்தவில்லை. டி.வி.யை அணைப்பது ஒரு வாசிப்பு; அடுத்தவர் டி.வி.யையும் அணைக்கச் சொல்வது வேறு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மனுஷனின் கேள்விக்கு எங்களில் எவரிடமும் பதில் இல்லை.

இன்னொரு பார்வையாளரையும் சொல்ல வேண்டும். உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு பெரிய கடையின் எலக்ட்ரானிக்ஸ் தளத்தில் சுவர் முழுக்க டி.வி.கள் ஓடும், எல்லாவற்றிலும் ஒரே சானல், சத்தம் கிடையாது. அங்கே வேலை பார்த்த ஒரு பெண், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், லொள்ளு சபாவைச் சத்தமில்லாமலே பார்த்தவர். காலை முதல் இரவு வரை நின்றபடி. (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021இல்தான். ரங்கநாதன் தெருக் கடைகளின் வாழ்க்கையை 2010இல் வசந்தபாலன் 'அங்காடித் தெரு'வாக எடுத்தபோது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. எங்களுக்கு இல்லை.) 'சத்தம் இல்லாமலே சிரிப்பு வருதுண்ணா' என்பார். ஒரு நாள் சொன்னார்: 'எல்லாத்தையும் மாத்திக் கிண்டல் பண்றாங்க. கறுப்பா குண்டா ஒரு பொம்பள வந்தா ஹீரோ ஓடறத மட்டும் மாத்தறதே இல்ல. படத்துலயும் அப்படித்தான் ஓடறான், இதுலயும் அப்படித்தான் ஓடறான்.'

நான் படித்த எந்தத் திறனாய்வும் இதைவிடத் துல்லியமாகச் சொன்னதில்லை. பகடி ஒரு பிரதியைத் தலைகீழாக்கும்போது எதையெல்லாம் திருப்பாமல் விட்டுவிடுகிறதோ, அதுவே இரண்டுக்கும் பொதுவான நிலம். ஆண் சேலை கட்டினால் சிரிப்பு, நிறத்தைச் சொன்னால் சிரிப்பு, உடம்பைச் சொன்னால் சிரிப்பு. நாயகன் கவிழ்ந்தான், நாயகனின் பார்வை கவிழவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நான்கு களங்களில் எள்ளலை முதலாவதாக வைக்கிறது. தான் பிறரை எள்ளுவது, பிறர் தன்னை எள்ளுவது என்று உரைகாரர்கள் அதை இரண்டு திசையிலும் விரிப்பார்கள். சத்தமில்லாத திரைக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தப் பெண் இரண்டாவது திசையில் இருந்தார். நாங்கள் முதல் திசையில்.

*

ஸ்பான்சர் கேள்விக்கு வருகிறேன். 1993 ஏப்ரலில் சன் டி.வி. தொடங்கியது. 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர் என்று தமிழ்ச் சானல்கள் கட்சிகளின் நிழலிலேயே வளர்ந்தன. விஜய் டி.வி.யின் வரலாறு வேறு. கோல்டன் ஈகிள் என்ற பெயரில் தொடங்கி, மதுபான அதிபர் விஜய் மல்லையா கைக்குப் போய்ப் பெயர் மாறி, 2001இல் ரூபர்ட் மர்டாக்கின் ஸ்டார் குழுமத்திடம் சேர்ந்தது. கட்சி கிடையாது. பெரிய படங்களை வாங்குவதில் சன்னோடு போட்டியிடுவது அன்று அதற்குச் சுலபமில்லை. படத்தை வாங்க முடியாதவன் படத்தைக் கேலி செய்யலாம். செலவு ஒரு தெர்மாகோல் அட்டை. லொள்ளு சபாவின் ஏழ்மையான செட் ஒரு அழகியல் தேர்வு என்று 2004இல் நான் எழுதினேன். பட்ஜெட் என்று எழுதியிருக்க வேண்டும்.

கட்சி இல்லாத சானல் கட்சிகளைக் கேலி செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேரளத்தில் ஏஷியாநெட் 1993 முதல் 'சினிமாலா'வில் அரசியல்வாதிகளைப் பெயர், குரல், நடை உடை பாவனையோடு வருடக்கணக்காகக் கிண்டலடித்தது. தூர்தர்ஷனிலேயே 1989இல் ஜஸ்பால் பட்டியின் 'ஃபிளாப் ஷோ' அரசு அலுவலகத்தையும் ஒப்பந்தக்காரரையும் சாடிவிட்டு, டைட்டிலில் தன் பெயரையும் கிண்டலாகப் போட்டுக்கொண்டது. இங்கே முடியாது. ஏன் முடியாது என்று தமிழ்நாட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 1987இல் அட்டைப்படத்தில் ஒரு ஜோக் போட்டதற்கு ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் விட்டார்கள். 'போக்கிரி' தகராறு நடந்த அதே 2007இல், மே 9ஆம் தேதி, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் செத்தார்கள். அது கேலிகூட இல்லை, சும்மா ஒரு சதவீதக் கணக்கு. இதை வைத்துப் பாருங்கள். தமிழ்த் தொலைக்காட்சியின் சிரிப்பு முழுக்க சினிமாவின் மீதே விழுந்தது ரசனையால் அல்ல. சிரிக்க அனுமதிக்கப்பட்ட ஒரே ராஜ்ஜியம் அதுவாக இருந்தது.

2022 ஜனவரியில் ஜீ தமிழின் குழந்தைகள் நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் இம்சை அரசன் பாணியில் ஒரு மன்னனை வைத்து நாடகம் போட்டார்கள். பணமதிப்பிழப்பும் வெளிநாட்டுப் பயணமும் மன்னனின் சாதனைகளாக வந்தன. பா.ஜ.க.வினர் புகார் செய்தார்கள், ஒன்றிய அமைச்சகம் சானலிடம் விளக்கம் கேட்டது. கவனியுங்கள், சிறுவர்கள் பயன்படுத்தியது 2006ஆம் வருடப் படத்தின் மொழியை. சினிமாக் கேலி என்ற வாகனத்தில் அரசியலை ஏற்றி ஓட்டினார்கள். லொள்ளு சபா ஐந்து வருடம் ஓட்டிய வாகனம்தான் அது. ஏற்றத்தான் இல்லை. இந்தச் சின்னப் பிள்ளைகள் ஏற்றினார்கள்.

*

பிறகு நடந்தது தெரிந்த கதை. சந்தானம் 2004இல் 'மன்மதன்' வழியாக சினிமாவுக்குப் போனார், பிறகு கதாநாயகனும் ஆனார். ஷூவிலிருந்து அறிமுகமாகும் காட்சிகள் அவருக்கும் வந்தன. அவரை வைத்து 2016இல் 'தில்லுக்கு துட்டு' எடுத்தவர் அதே ராம்பாலா. 2010இல் சி.எஸ். அமுதன் 'தமிழ்ப் படம்' என்று முழுநீளப் பகடியையே திரையரங்குக்குக் கொண்டுவந்தார். சினிமா தன்னைத்தானே கேலி செய்து டிக்கெட் விற்கத் தொடங்கிய பிறகு டி.வி.க்கு அங்கே வேலை இல்லை. விஜய் டி.வி.யும் 'கலக்கப்போவது யாரு', 'அது இது எது' என்று நடிகர்களை அழைத்து உட்காரவைத்து அவர்கள் முன்னாலேயே அவர்களைப்போல் நடித்துக் காட்டும் கட்டத்துக்கு நகர்ந்தது. கேலிக்குரியவர் நடுவராக அமர்ந்து கேலிக்கு மார்க் போடும் காட்சியை நான் முதலில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை, ஸ்தம்பித்துப் போனேன்.

எல்லோரும் சந்தானம் ஆகவில்லை. லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா சுவாமிநாதன், லொள்ளு சபா ஜீவா என்று அந்த நிகழ்ச்சி பலருக்கு இனிஷியலாக ஒட்டிக்கொண்டது. 2024 மார்ச்சில் சேஷு இறந்தபோதும் செய்திகளில் 'லொள்ளு சபா சேஷு' என்றுதான் வந்தது. அப்பா பெயருக்குப் பதில் ஒரு பகடியின் பெயரைச் சுமந்து திரிந்தவர்கள்.

போன வருடம் தி. நகர் போயிருந்தேன். ஜி.என். செட்டி சாலைப் பக்கம் இறங்கி, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலையை நினைத்துக்கொண்டு நடந்தேன். அண்ணா தன் கடைசி நாட்களில், 1969இல், திறந்துவைத்த சிலை. சிரிப்பின் வகைகளை 'ராஜா ராணி'யில் நடித்தே காட்டியவர். சினிமாக்காரர்களைப் பற்றி எழுதிக் கிழித்த ஒரு பத்திரிகைக்காரரின் கொலை வழக்கில் பாகவதரோடு சேர்ந்து சிறையிருந்து 1947இல் விடுதலையானவரும் அவர்தான். மீடியாவின் கேலிக்கும் அதற்கு வரும் எதிர்வினைக்கும் இந்த ஊரில் வயது அதிகம்.

சலூன் இருந்தது. ஏ.சி. போட்டிருந்தார்கள். அண்ணனின் மகன் வேலை செய்துகொண்டிருந்தான், அண்ணன் ஓரமாக உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பழைய மன்றப் படம் இருந்த இடத்தில் தமிழக வெற்றிக் கழகத்தின் கொடி. விஜய் கட்சியை அறிவித்தது 2024 பிப்ரவரியில். என்னைக் கண்டதும், 'டைரக்டரே!' என்று எழுந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்தேன். லொள்ளு சபா. அதே 'போக்கிரி'.

'இப்ப சிரிப்பு வருதாண்ணே?'

'நல்லாத்தான் பண்ணியிருக்கானுங்க' என்றார். போனை மடியில் கவிழ்த்து வைத்தார். 'இப்ப எவனாவது எடுக்கட்டும், பாப்போம்.'

மகன் நாற்காலியைத் தட்டி என்னை உட்காரச் சொன்னான்.